பழைய மோட்டார் சைக்கிள்களின் சார்ஜிங் அமைப்பு மேம்பாடு

டைனமோ அல்லது தொடக்ககால ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் மின்சாரத்தைப் பிறப்பித்து, கட்டுப்படுத்தி, பேட்டரியில் சேர்க்கும் பாகங்களை இன்றைய சாலைக்கும் போக்குவரத்துக்கும் ஈடுகொடுக்கும்படி மாற்றுவதே சார்ஜிங் அமைப்பு மேம்பாடு. 1930களிலிருந்து 1970கள் வரையிலான வண்டிகளே பெரும்பாலும் இதற்கு உட்படுகின்றன. 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்துவது, அதிரும் முள் கொண்ட ரெகுலேட்டரின் இடத்தில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை வைப்பது, டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் பொருத்துவது, வயரிங்கைப் புதிதாக இழுப்பது ஆகியவை இதன் முக்கிய வேலைகள். விலைப்பட்டியலில் ஆல்டர்னேட்டர் முதலில் நிற்கும். பலனில் வயரிங்தான் முதலில் நிற்கிறது.

டைனமோ அமைப்பு

பிரிட்டிஷ் வண்டிகளில் அதிகம் காணப்படுவது லூகாஸ் நிறுவனத்தின் இ3எல் டைனமோ. 6 வோல்ட்டில் 60 வாட் தரக்கூடியது. சில வண்டிகளில் இது, பேட்டரியின்றித் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுடன் சேர்ந்து ‘மேக்டைனமோ’வாக இருக்கும், பி.எஸ்.ஏ. ஏ10 போன்றவற்றில் தனியாக நின்று செயினால் சுழலும். டைனமோவில் நிலைக்காந்தம் கிடையாது. உடலோடு பொருத்திய பீல்டு காயில் காந்தப்புலத்தை உண்டாக்க, நடுவே ஆர்மேச்சர் சுழல, கம்யூட்டேட்டர் மீது உரசும் கார்பன் பிரஷ்கள் நேர்மின்சாரத்தை வெளியே எடுத்துக் கொடுக்கின்றன. பீல்டு காயிலில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும், கூட்டினால் கூடும். ரெகுலேட்டர் பிடித்திழுப்பது இந்த ஒரு கடிவாளத்தைத்தான்.

லூகாஸ் எம்.சி.ஆர்.2 ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்தால் இரண்டு ரிலேக்கள் தெரியும். ஒன்று கட்-அவுட்: என்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தொடர்பைத் துண்டித்து வைக்கும். மற்றது ரெகுலேட்டர்: வோல்ட்டேஜ் ஏறியதும் காயில் முள்ளை இழுக்க, பீல்டு வழியில் ஒரு ரெசிஸ்டர் குறுக்கே வந்து உற்பத்தி தணியும், தணிந்ததும் ஸ்பிரிங் முள்ளைத் திருப்பி வைக்கும். ஒரு நொடிக்குள்ளேயே இது பலமுறை நடப்பதால் முள் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. முள் தேய்ந்து கருகும், ஸ்பிரிங் தளரும். சாலைக் குலுக்கலும் இந்தக் கணக்கில் சேரும். பழைய வண்டியில் பேட்டரி ஒருநாள் காய்ந்தும் மறுநாள் கொதித்தும் கிடந்தால், சந்தேகம் முதலில் விழவேண்டிய இடம் இந்தப் பெட்டி.

லூகாஸ் டைனமோவில் பீல்டு காயிலின் ஒரு முனை உள்ளே எர்த் ஆகியிருக்கும். ரெகுலேட்டர் மறுமுனைக்கு மின்சாரம் கொடுக்கும். மில்லர் டைனமோவில் இது தலைகீழ். அங்கே ரெகுலேட்டர் பீல்டை எர்த் செய்கிறது. ஒன்றுக்குரிய ரெகுலேட்டரை மற்றதில் மாட்டினால் சார்ஜ் ஏறாது, அல்லது அளவில்லாமல் ஏறும். தபாலில் வாங்கிய ரெகுலேட்டர் ‘சரியில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவதற்குக் கணிசமான நேரங்களில் இந்த வேறுபாட்டைக் கவனியாததே காரணம்.

ஆல்டர்னேட்டர் அமைப்பு

1953-இல் டிரையம்ப் ஸ்பீட் ட்வின் வண்டியில் லூகாஸ் ஆல்டர்னேட்டர் வந்தது. கிராங்க் ஷாப்ட் முனையில் ஆறு துருவங்கள் கொண்ட காந்த ரோட்டர். அதைச் சுற்றி ஆறு காயில்கள் கொண்ட ஸ்டேட்டர். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் டைனமோவில் இருந்த கடிவாளமும் இல்லாமல் போயிற்று: நிலைக்காந்தத்தை அணைக்க முடியாது, ரோட்டர் சுழலும்வரை மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும்.

6 வோல்ட் காலத்தில் லூகாஸ் இதற்குக் கண்ட வழி விந்தையானது. ஸ்டேட்டரிலிருந்து மூன்று வயர்களை வெளியே எடுத்து, லைட் சுவிட்சோடு இணைத்தார்கள். விளக்குகள் அணைந்திருக்கும்போது சில காயில்கள் மட்டுமே சார்ஜ் செய்யும். ஹெட்லைட் போட்டால் ஆறும் வேலைக்கு வரும். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று கேட்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. பகலில் நெடுந்தூரம் போனால் மிகையாகவும், இரவில் ஊருக்குள் சுற்றினால் போதாமலும் சார்ஜ் ஏறும்.

1960களில் 12 வோல்ட்டுக்கு மாறியபோது ஜீனர் டையோடு வந்தது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் வழிந்தோடும் குழாயைப் போல, பேட்டரியின் வோல்ட்டேஜ் 14-ஐத் தாண்டியதும் மிச்ச மின்சாரத்தை எர்த்துக்குக் கொட்டிவிடும். கொட்டுவது வெப்பமாக மாறுவதால் அலுமினியத் தகடோ துடுப்புகள் கொண்ட வார்ப்போ அதற்குத் தேவை, டிரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கீழே காற்றை நோக்கி நிற்கும் துடுப்புள்ள கட்டி அதுதான். ஜீனர் உள்ளே துண்டித்துக்கொண்டால் பேட்டரி கொதிக்கும். ஷார்ட் ஆனால் வண்டி நின்றிருக்கும்போதே பேட்டரி வடிந்துவிடும்.

மற்ற நாடுகள் வேறு வேகத்தில் போயின. ஹார்லி-டேவிட்சனின் பெரிய வண்டிகள் 1965-இல் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டோடு 12 வோல்ட்டுக்கு வந்தும் 1970 வரை டைனமோவை விடவில்லை. பி.எம்.டபிள்யூ. 1969-இல் அறிமுகமான 5-வரிசையில் 180 வாட் ஆல்டர்னேட்டர் கொடுத்தது. அதே ஆண்டின் ஹோண்டா சி.பி.750, 210 வாட்டோடு வந்தது. பின்னிரண்டு வண்டிகளையும் வைத்திருப்போருக்கு இந்தக் கட்டுரை அதிகம் தேவைப்படாது.

வரவும் செலவும்

எதையும் வாங்குமுன் செய்யவேண்டியது வாட் கணக்கு. 12 வோல்ட்டுக்கு மாற்றிய, பாயிண்ட்-காயில் இக்னிஷன் கொண்ட ஒற்றை சிலிண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட் 35 வாட், டெயில் லைட் 5 வாட். இக்னிஷன் காயில், பாயிண்ட் மூடியிருக்கும்போது 3 முதல் 4 ஆம்பியர் வரை இழுத்தாலும், பாதி நேரம் பாயிண்ட் திறந்தேயிருப்பதால் சராசரி 20 முதல் 25 வாட். ஆகமொத்தம் 60 முதல் 65 வாட் இடைவிடாத செலவு. பிரேக் லைட்டின் 21 வாட்டும் இண்டிகேட்டர்களும் விட்டுவிட்டு வருபவை. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் பிரேக் லைட்டைப் புறக்கணிக்க முடியாது. உற்பத்தி மிகக் குறையும் நேரத்தில்தான் அது எரிகிறது.

மேக்னெட்டோ வண்டிக்கு இக்னிஷன் செலவு இல்லை. பேட்டரி செத்தாலும் உதைத்தால் ஓடும். அத்தகைய வண்டியில் 60 வாட் டைனமோ ஒழுங்காக வேலை செய்தாலே பெரும்பாலும் போதும்.

செலவைக் குறைப்பதும் மேம்பாடுதான். டெயில் லைட், பிரேக் லைட், மீட்டர் விளக்கு ஆகியவற்றை எல்.இ.டி. ஆக்கினால் சுமை பெருமளவு இறங்கும். ஹெட்லைட்டில் மட்டும் யோசனை வேண்டும். பழைய ரிப்ளெக்டர், இழை எரியும் ஒரு புள்ளியைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டது, எல்.இ.டி. சில்லுகள் அந்த இடத்தில் அமையாவிட்டால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

ஒரே வாட்டுக்கு 12 வோல்ட்டில் பாதி ஆம்பியர்தான் ஓடும். மாற்றத்தின் முழுப் பயனும் அதில் அடங்கியிருக்கிறது. 30 வாட் ஹெட்லைட் 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பல்பு வரை சுவிட்ச், இணைப்பு, வயர் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், வழியிலேயே 1 வோல்ட் காணாமல் போகிறது. பல்புக்குக் கிடைப்பது 5 வோல்ட். இழை பல்பின் ஒளி, வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுவதால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதே தடையில் 12 வோல்ட் அமைப்பு இழப்பது 0.5 வோல்ட், வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே குறையும். 6 வோல்ட் விளக்கை ‘மெழுகுவர்த்தி’ என்று கேலி செய்வோர் பழிக்கவேண்டியது பல்பை அல்ல, துருவேறிய இணைப்புகளை.

பழைய டைனமோவையே 12 வோல்ட் தரவைக்கலாம். உற்பத்தி வோல்ட்டேஜைத் தீர்மானிப்பவை சுழலும் வேகமும் காந்தப்புலமும். ‘6 வோல்ட் டைனமோ’ என்பது ரெகுலேட்டர் அங்கே நிறுத்தி வைத்திருப்பதால் வந்த பெயர். பிரிட்டனில் கிடைக்கும் டி.வி.ஆர்.2 போன்ற எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை 12 வோல்ட்டுக்கு அமைத்தால், ஆர்மேச்சரைத் தொடாமலே இ3எல் 12 வோல்ட்டில் சார்ஜ் செய்யும். ஆர்மேச்சர் தாங்கும் ஆம்பியர் மாறாது, வோல்ட்டேஜ் கூடியதால் கிடைக்கும் வாட் கூடும். விலை ஒன்று உண்டு: சார்ஜ் தொடங்க முன்னைவிட அதிகச் சுழற்சி வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது பொருட்டே அல்ல. நெரிசலில் ஊரும் வண்டிக்குக் குறைதான்.

டைனமோ கூட்டிலேயே உட்காரும் வடிவத்தில் ஆல்டர்னேட்டரும் உண்டு. பிரெஞ்சுத் தயாரிப்பான ஆல்டன், இ3எல்லின் வெளித்தோற்றத்தை ஒத்தது. 12 வோல்ட்டில் 150 வாட் வரை தருவது. கழற்றிய டைனமோவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம் என்பதால் அசல் தன்மை கருதுவோருக்கும் இது ஒத்துவருகிறது.

லூகாஸ் ஆல்டர்னேட்டர் வண்டியில் மாற்றம் இன்னும் எளிது. மூன்று வயர் ஸ்டேட்டரில் பச்சை-கறுப்பு, பச்சை-மஞ்சள் வயர்களை ஒன்றாகச் சேர்த்து, பச்சை-வெள்ளையை மறுமுனையாகக் கொண்டால் ஆறு காயில்களும் முழுநேர வேலைக்கு வந்துவிடும். இந்த இரு முனைகளையும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் ஒன்றாயமைந்த புதிய பெட்டியில் கொடுத்தால், பழைய செலினியம் ரெக்டிபையர், ஜீனர், சுவிட்ச் வழிச் சுற்று எல்லாவற்றுக்கும் விடுதலை. பிற்கால ஆர்.எம்.21 ஸ்டேட்டர் இரண்டு வயரோடே வருவது. காயில்கள் ரெசினில் புதைக்கப்பட்டவை. 12 வோல்ட்டில் 120 வாட் தருவது. மூன்று-பேஸ் ஸ்டேட்டர்கள் குறைந்த சுழற்சியிலும் கூடுதலாகத் தருகின்றன. எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய வண்டிக்கு இது முக்கியம். வோல்ட்டேஜ் விழும்போது சில பெட்டிகள் தீப்பொறியின் நேரத்தைத் தப்பவிடும்.

புதிய ரோட்டர் பொருத்தும்போது ஸ்டேட்டருக்கும் அதற்கும் இடையே சுற்றிலும் சீரான இடைவெளி இருக்கிறதா என்று பீலர் கேஜ் கொண்டு பார்க்கவேண்டும். 0.2 மில்லிமீட்டர் அளவுத் தகடு எல்லாப் பக்கமும் தடையின்றி நுழையவேண்டும். ஒரு பக்கம் உரசினால் அங்கே பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும். பழைய லூகாஸ் ரோட்டர்களில் நடுவிலுள்ள எஃகுக் குடம், சுற்றியுள்ள வார்ப்பிலிருந்து தளர்ந்துபோவதுண்டு. அப்போது எழும் ‘டக் டக்’ சத்தம் பிக்-எண்ட் பேரிங் போய்விட்டதுபோலவே கேட்கும். என்ஜினைப் பிரிக்குமுன் ரோட்டரைக் கையால் ஆட்டிப் பார்ப்பது பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், பிளாஷர், பேட்டரி ஆகியவை 12 வோல்ட்டுக்கு மாறவேண்டும். அம்மீட்டர் மாறவேண்டியதில்லை, அது அளப்பது ஆம்பியரை. 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் பாயிண்ட் கருகிக் காயிலும் சுட்டுச் சாகும்.

ரெகுலேட்டர் தேர்வு

நிலைக்காந்த ஆல்டர்னேட்டருக்கான ரெகுலேட்டர்கள் இருவகை. ஷன்ட் வகை, தேவைக்கு மிஞ்சும்போது ஸ்டேட்டர் முனைகளை ஷார்ட் செய்கிறது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டேட்டரில் மின்னோட்டம் ஓடிச் சூடேறும். சீரிஸ் வகை, மிஞ்சும்போது வழியைத் துண்டிக்கிறது. ஸ்டேட்டர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் துண்டித்த கணத்தில் முனைகளில் வோல்ட்டேஜ் எகிறுவதால் பழைய, வார்னிஷ் உதிர்ந்த காயில்கள் தாங்குமா என்று பார்க்கவேண்டும். எந்த வகையானாலும் பெட்டியைக் காற்றுப்படும் இடத்தில், உலோகத்தோடு ஒட்டப் பொருத்தவேண்டும். சீட்டுக்கடியில் டூல் பாக்ஸுக்குள் ஒளித்துவைப்பது அழகுதான், ஆயுள் குறையும்.

ஈய-அமில பேட்டரிக்கு 14.2 முதல் 14.4 வோல்ட் வரை ஏற்றது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடைக்குறைவுக்காக விரும்பப்படுகிறது, அதற்கு 14.6-ஐத் தாண்டக்கூடாது. ஜீனர் கொண்ட அசல் அமைப்பில் இதை நம்பி மாட்டுவது வீண் வம்பு.

எர்த், வயரிங்

1970கள் வரை பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த் கொண்டவை: பேட்டரியின் பாசிட்டிவ் முனை பிரேமோடு சேரும். எல்.இ.டி.யும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் இதை அறியாமல் மாட்டப்பட்டால் ஒரே நொடியில் கருகிவிடும். நெகட்டிவ் எர்த்தாக மாற்றும்போது அம்மீட்டர் வயர்களை இடம் மாற்றவேண்டும். டைனமோவுக்குப் புதிய துருவமும் கொடுக்கவேண்டும். லூகாஸ் வகையில், வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, பீல்டுக்குரிய எஃப் முனையில் ஓரிரு முறை தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி தெரியும். ஆல்டர்னேட்டருக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

புதுப்பித்த வண்டிகளில் சார்ஜ் ஏறாமைக்கு மிகப் பொதுவான காரணம் அழகான பெயிண்ட். பவுடர் கோட்டிங் செய்த பிரேம் எர்த்தைக் கடத்தாது. ரெகுலேட்டர், என்ஜின், ஹெட்லைட் மூன்றிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து பேட்டரி முனைக்கே கொண்டுவருவது, எந்த விலையுயர்ந்த பெட்டியையும்விட அதிகப் பயன் தரும் வேலை. விளக்குகளுக்கு 1 ஸ்கொயர் எம்.எம்., பேட்டரி-ரெகுலேட்டர் தடத்துக்கு 2 ஸ்கொயர் எம்.எம். வயர் என்பது வழக்கம். பியூஸ் மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு: லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது உருகிப்போகும் அளவு; தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அதைப் பார்த்து 35 ஆம்பியர் பிளேடு பியூஸ் போட்டால், பியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

புல்லட்டும் ஜாவாவும்

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்பீல்டும் இணைந்து 1955-இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் 350 சி.சி. புல்லட் உருவானது. ரெட்டிச்சில் நின்றுபோன வடிவம் சென்னையில் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால், உலகெங்கும் உள்ள பழைய ராயல் என்பீல்டுகளுக்கான உதிரிபாகங்களில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் ஆல்டர்னேட்டர், இடப்பக்கம் பிரைமரி செயின் கேஸுக்குள், எண்ணெய்க்கு நடுவே இருக்கிறது. ஸ்டேட்டர் வயர் கேஸைவிட்டு வெளியேறும் ரப்பர் குரோமெட்தான் பலவீனமான இடம். சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி ரப்பர் விறைத்து, அதனூடே எண்ணெய் கசியும். வயரின் மேலுறை வெடித்து கேஸில் எர்த் ஆகும். 6 வோல்ட் புல்லட்டை மாற்றும்போது பின்னாளில் வந்த 12 வோல்ட் மாடலின் ரோட்டர், ஸ்டேட்டரைப் பொருத்துவதே உள்ளூர் வழக்கம். ஹெட்லைட் மேற்கூட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மீட்டரை எடுத்துவிட வேண்டாம். அதன் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே ஓட்டுபவருக்குப் போதுமான தகவல்.

மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் 1996 வரை தயாரித்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் வேறு மரபு. தொடக்க மாடல்களில் 6 வோல்ட், 45 வாட் டைனமோ கிராங்கின் வலப்பக்க முனையில், பாயிண்ட்டோடு ஒரே மூடிக்குள் இருக்கும். இவற்றுக்கு வேப் பாகங்கள் கொண்ட பவர்டைனமோ தொகுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பொருத்துவோர் உண்டு. 12 வோல்ட், பாயிண்ட் இல்லாத இக்னிஷன், பேட்டரி இல்லாமலும் ஓடும் வசதி என்று ஒரே மாற்றத்தில் மூன்று கிடைக்கின்றன. நல்ல கை கொண்ட ரீவைண்டர் ஊரில் இருந்தால் பழைய ஆர்மேச்சரைச் சுற்றித் தருவதும் நடக்கிற காரியமே. செலவும் மிகக் குறைவு.

சோதனை

டைனமோ நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய, செயின் அல்லது கியரிலிருந்து விடுவித்து, டி (உற்பத்தி), எஃப் (பீல்டு) முனைகளை இணைத்து பேட்டரி கொடுத்தால் மோட்டாராகச் சுழலவேண்டும். சுழன்றால் ஆர்மேச்சரும் பீல்டும் பிரஷும் உயிரோடிருக்கின்றன. ஆர்.எம்.21 ஆல்டர்னேட்டருக்கு, முனைகளுக்கிடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து 3,000 ஆர்.பி.எம்.-இல் மல்டிமீட்டரை ஏ.சி.யில் பார்த்தால் சுமார் 9 வோல்ட் வரவேண்டும். ரெசிஸ்டர் கொதிக்கும், கையால் பிடிக்கக்கூடாது. மிகவும் குறைந்தால் காயில் ஷார்ட் அல்லது ரோட்டர் காந்தம் வலுவிழந்திருக்கிறது.

எல்லாம் மாட்டியபின், நின்றிருக்கும் வண்டியில் முழு பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஹெட்லைட் போட்டு 3,000 ஆர்.பி.எம்.-இல் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நின்றால் அமைப்பு சரி. 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்தவேண்டும். 12.6-ஐவிட ஏறவேயில்லை என்றால் ரெகுலேட்டரைக் குறைசொல்லுமுன், விளக்கு எரிய என்ஜின் ஓடும் நிலையில் பேட்டரி முனைக்கும் ரெகுலேட்டரின் வெளியீட்டு முனைக்கும் இடையே வோல்ட்டேஜ் பார்க்கவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி வயரிங்கில் இருக்கிறான்.

அசல் தன்மை

சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான பீவா, 30 ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்படும் வண்டியையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. இந்தியாவில் 2021-இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேசி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றைக் கணிசமாக மாற்றியிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ரெகுலேட்டர் மாற்றம் இந்த வரையறையில் விழாது. ஆனால் பிரேமில் துளை போடுவதும் கேஸை வெட்டுவதும் மீட்க முடியாத சேதம். எம்.சி.ஆர்.2 பெட்டியின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை அதற்குள் வைப்பதும், பழைய ரப்பர் பேட்டரிக் கூட்டுக்குள் சிறு ஏ.ஜி.எம். பேட்டரியை ஒளிப்பதும் இதனால் வந்த பழக்கங்கள். கழற்றிய டைனமோ, ரெக்டிபையர், வயரிங் ஆகியவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த வயர் எங்கே போனது என்று எழுதிய சீட்டோடு வைத்திருந்தால், விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.